கடலுக்கும் சீசன் உண்டு

தக்காளிக்கு ஒரு சீசன், மாங்காய்க்கு ஒரு சீசன், புளிக்கு ஒரு சீசன் என்று கணக்குப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவர்கள் நாம். ராயக்கோட்டை மண்டியில் எப்போது வரத்து கூடும், எப்போது விலை ஏறும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். ஆனால் குடும்பத்தோடு நாலு நாள் வெளியூர் போவதென்றால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் மறந்துபோகிறது. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள், யாரோ ஒருவர் தள்ளுபடி என்றார், உடனே முன்பணம் கட்டிவிடுகிறோம். மலைக்கோ கோயிலுக்கோ போகிறவரை இதனால் பெரிய நஷ்டம் இல்லை. கடல் தாண்டித் தீவுக்குப் போகும்போது நாள் தவறினால் பணம் போகும். சில சமயம் உயிருக்கே ஆபத்தாகவும் முடியும்.

நம் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இப்போது தீவுப் பயணம் பற்றிய பேச்சு அதிகமாகிவிட்டது. 2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவு போய்வந்த படங்கள் வெளியானதிலிருந்து பேச்சு இன்னும் கூடியிருக்கிறது. பெங்களூரு பக்கத்தில் இருப்பதால் விளம்பரமும் நம் கடை வாசலுக்கே வந்துவிடுகிறது. "அண்ணாச்சி, எப்போது போனால் நல்லது?" என்று கேட்கிற நண்பர்களுக்கு ஒரே பதிலாக இதை எழுதுகிறேன்.

இரண்டு காலண்டர்கள்

வியாபாரி தீவுக்குப் போக நாள் குறிக்கும்போது இரண்டு காலண்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று கடலின் காலண்டர். இன்னொன்று கடையின் காலண்டர். பயண ஏஜெண்டு கொடுக்கும் தாளில் முதலாவது கொஞ்சம் இருக்கும், இரண்டாவது இருக்காது. அதை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டிலும் தடையில்லாத நாட்கள் எவை என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் கடல். நம் நாட்டுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவக்காற்றுகள். தென்மேற்குப் பருவமழை மே மூன்றாம் வாரத்தை ஒட்டி அந்தமான் பக்கம் தொடங்கி, ஜூன் 1ஆம் தேதி வாக்கில் கேரளத்துக்கு வருகிறது. செப்டம்பர் வரை அரபிக்கடல் கொந்தளிக்கும். 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்று பெரியவர்கள் சொன்னது நிலத்தில் இருப்பவனுக்கு. கடலில் இருப்பவன் பாடு இன்னும் மோசம். அக்டோபர் மூன்றாம் வாரம் வாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். அது வங்கக்கடலின் புயல் காலம். ஏப்ரல் கடைசியிலிருந்து மே மாதம் வரையிலும் இரு கடல்களிலும் புயல் வருவதுண்டு.

ஆக, இரு கடல்களும் ஒருசேர அமைதியாக இருப்பது ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரைதான். தை, மாசி, பங்குனி என்று வைத்துக்கொள்ளலாம். இந்த மூன்று மாதங்களில் காற்று மிதமாக இருக்கும், மழை குறைவு, தண்ணீர் தெளிந்திருக்கும். அடியில் உள்ள பவளப்பாறையும் மீனும் படகில் உட்கார்ந்தபடியே தெரியும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 'மீன்பிடிப் படகே போகாதபோது கப்பல் போகுமா?' என்று சிலர் கேட்கிறார்கள். அந்தத் தடை மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக விதிக்கப்பட்டது. கடல் கொந்தளிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நாள் தவறினால் என்ன ஆகும்?

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். 2016 டிசம்பர் முதல் வாரத்தில் அந்தமானின் ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குப் போயிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் புயல் சின்னத்தால் திரும்ப முடியாமல் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்தான் அவர்களை அழைத்து வந்தன. அதே புயல்தான் 'வர்தா' என்ற பெயரோடு டிசம்பர் 12ஆம் தேதி சென்னையைப் புரட்டிப் போட்டது. அடுத்த ஆண்டு, 2017 நவம்பர் கடைசியில் கன்னியாகுமரியைத் தாக்கிய ஒக்கி புயல் அப்படியே மேற்கே போய் லட்சத்தீவின் மினிக்காய், கல்பேனி தீவுகளையும் விடவில்லை. 2021 மே மாதம் நடுவில் டவ்தே புயல் உருவானதே லட்சத்தீவுப் பக்கம்தான்.

நம் ஊர் கடலிலிருந்து வெகு தூரம், நமக்கென்ன என்று சொல்லவும் முடியாது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், நம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், பேருந்து நிலையம் அருகே நின்ற வண்டிகள் வெள்ளத்தில் உருண்டுபோனதையும் நாம் கண்ணால் பார்த்தோம். கரையைத் தாண்டி உள்நாட்டுக்கு வந்த பிறகே இந்த ஆட்டம் என்றால், நடுக்கடலில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கப்பல் கம்பெனிகளும் அரசாங்கமுமே பருவத்துக்குக் கட்டுப்பட்டவைதான். நாகப்பட்டினத்திலிருந்து இலங்கை காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14ஆம் தேதி பயணிகள் கப்பல் விமரிசையாகத் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு அதே மாதம் 20ஆம் தேதியோடு நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகு 2024 ஆகஸ்ட் 16ஆம் தேதிதான் மறுபடி ஓடியது. சீசன் முடிகிற நேரத்தில் கடை திறந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா!

எனக்குத் தெரிந்த மளிகை வியாபாரி ஒருவர், பாதி விலை என்ற ஆசையில் நவம்பர் மாதத்துக்குச் சீட்டு வாங்கினார். குடும்பத்தோடு துறைமுக நகரத்துக்குப் போய் இரண்டு நாள் லாட்ஜில் இருந்ததுதான் மிச்சம், கப்பல் புறப்படவில்லை. முன்பணத்தைத் திரும்ப வாங்க அந்த ஏஜென்சிக்கு நடையாய் நடந்தார். மழைக்காலத் தள்ளுபடி என்பது ஈரம் பட்ட மூட்டையை விலை குறைத்துக் கொடுப்பது போலத்தான். சரக்கு அடியில் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் வாங்கக் கூடாது.

லட்சத்தீவு

இனி ஒவ்வொரு தீவாகப் பார்ப்போம். கப்பலிலேயே தங்கி, தீவு தீவாக இறங்கிப் பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கு நமக்கு அருகில் உள்ளது லட்சத்தீவு. மொத்தம் 36 தீவுகள். அவற்றில் மக்கள் வசிப்பவை 10 மட்டுமே. எல்லாம் சேர்ந்து 32 சதுர கிலோமீட்டர்தான். கொச்சியிலிருந்து தலைநகர் கவரத்தி சுமார் 400 கிலோமீட்டர். கப்பலையும் தீவையும் பொறுத்து 14 முதல் 20 மணி நேரம் ஆகும். லட்சத்தீவு நிர்வாகத்தின் 'ஸ்போர்ட்ஸ்' என்ற சுற்றுலா அமைப்பு 'சமுத்ரம்' என்ற பெயரில் நடத்திவந்த ஐந்து நாள் பயணம் இந்த வகையில் பேர் பெற்றது. கவரத்தி, கல்பேனி, மினிக்காய் ஆகிய மூன்று தீவுகளில் பகலில் இறங்கிக் குளித்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, இரவு கப்பலுக்கே திரும்பிவிடலாம். அந்த ஆண்டு கப்பல் ஓடுகிறதா, எந்தத் தேதிகள் என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

லட்சத்தீவுக்குப் பருவம் பார்ப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பெரிய கப்பல் பல இடங்களில் தீவை ஒட்டி வந்து நிற்க முடியாது. சுற்றிலும் பவளப்பாறை. கப்பல் ஆழமான இடத்தில் நின்றுகொள்ள, நாம் சிறு படகுக்கு மாறித்தான் கரைக்குப் போக வேண்டும். கடல் அமைதியாக இருந்தால் இது வேடிக்கை. அலை கொஞ்சம் எழும்பினாலும் படகு மேலும் கீழும் ஆடும். முழங்கால் வலி உள்ளவர்கள் கால் மாற்றி வைக்கவே முடியாது. முப்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்தும் நின்றும் தேய்ந்த முழங்கால்கள் நம்முடையவை. அதனால் இங்கே ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை சிறந்தது. அக்டோபர் முதலே பயணம் உண்டு என்றாலும் நவம்பர், டிசம்பரில் புயல் பயம் இருக்கிறது. மே மாதம் வேண்டாம்.

மே வேண்டாம் என்பதற்கு வியாபாரிகளாகிய நமக்குப் புரியும் காரணம் ஒன்றும் உண்டு. அரிசி, பருப்பு, வெங்காயம், சிமெண்டு என்று தீவுக்குத் தேவையான பெரும்பாலான சரக்கு கொச்சி, பேப்பூர், மங்களூரிலிருந்து கடல் வழியாகவே போகிறது. மழைக்காலம் தொடங்கிவிட்டால் மரக்கல 'உரு'க்கள் ஓடா. ஆகவே தீவுக் கடைக்காரர் மே மாதத்துக்குள் நாலு மாதச் சரக்கை உள்ளே போட்டாக வேண்டும். பள்ளி விடுமுறைக்கு ஊர் திரும்பும் தீவு மக்கள் கூட்டமும் அப்போதுதான். கப்பலில் இடம் அவர்களுக்கே போதாது. முன்னுரிமை அவர்களுக்குத் தருவதுதான் நியாயம்.

இன்னொன்று: நம் நாட்டுப் பிரஜையானாலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் லட்சத்தீவில் கால் வைக்க முடியாது. பயணத் திட்டத்திலேயே அனுமதி வாங்கித் தருவார்கள் என்றாலும், குறைந்தது இரண்டு மாதம் முன்பே அடையாள அட்டை, போட்டோ எல்லாம் கொடுத்துவிடுவது நல்லது. ஜனவரி கடைசியில் போக வேண்டுமானால் தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு மனுப் போட வேண்டும் என்று அர்த்தம்.

ஓசூர்க்காரர்களுக்குக் கொச்சி போவது சுலபம். பெங்களூரு–எர்ணாகுளம் இன்டர்சிட்டி ரயில் ஓசூர், தர்மபுரி, சேலம் வழியாகவே போகிறது. காரில் போனால் சேலம், கோவை வழியாகச் சுமார் 500 கிலோமீட்டர்.

அந்தமான்

அந்தமான் வேறு கணக்கு. சென்னையிலிருந்து அரசாங்கப் பயணிகள் கப்பலில் போக ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். அதுவும் மாதத்தில் சில தடவைகளே. போய்வரும் நாளே ஒரு வாரம். கடை வைத்திருப்பவனுக்கு இது கட்டாது. விமானத்தில் போய், அங்கிருந்து தீவுகளுக்கு இடையே கப்பலில் சுற்றுவதே உத்தமம். தலைநகர் போர்ட் பிளேரை 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். ஹேவ்லாக் 2018 டிசம்பரிலிருந்து ஸ்வராஜ் தீவு. நீல் தீவு ஷஹீத் தீவு. பழைய பெயரையும் புதிய பெயரையும் இரண்டு வெவ்வேறு ஊர் என்று நினைத்து இரண்டு முறை பணம் கட்டிவிடாதீர்கள்.

அந்தமானுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மே மூன்றாம் வாரத்திலிருந்து டிசம்பர் வரை ஏதோ ஒரு மழை இருந்துகொண்டேயிருக்கும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர், அதாவது சென்னை மழையைப் போல் இரண்டு மடங்கு. இங்கும் ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரைதான் முதல் தரம். ராதாநகர் கடற்கரையின் வெண்மணலும், 1906இல் கட்டி முடித்த செல்லுலர் சிறையும் பார்க்க வேண்டியவை.

கடையின் காலண்டர்

இனி நம் காலண்டருக்கு வருவோம். ஜனவரியில் பொங்கல் வியாபாரம். மார்ச்சில் ஓசூர் சந்திரசூடேஸ்வரர் தேர்த்திருவிழா, வருஷக் கணக்கு முடிப்பு, பிளஸ் டூ பரீட்சை. மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ யுகாதி. தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்கள் நிறைந்த நம் எல்லைப் பகுதியில் அது சின்ன தீபாவளி. மே 5 வணிகர் தினம். ஜூனில் பள்ளித் திறப்பு. செப்டம்பர் கடைசியில் ஆடிட் கெடு. ஆயுதபூஜை, தீபாவளி என்றால் ஓசூரில் சொல்லவே வேண்டாம்; தொழிற்சாலை போனஸ் கைக்கு வரும் நேரம், கடையை விட்டு அரை மணி நேரம் நகர முடியாது.

இதற்கு நடுவே மாதா மாதம் ஜி.எஸ்.டி. கணக்கு இருக்கிறது. மாதக் கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு 11ஆம் தேதி ஒன்று, 20ஆம் தேதி ஒன்று. ஆகவே எந்த மாதமானாலும் 21ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் போய்வருவதே நிம்மதி.

இரண்டு காலண்டர்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். கடல் அமைதி, பொங்கல் வியாபாரம் முடிந்தது, வரி கட்டியாயிற்று, யுகாதிச் சரக்குக் கொள்முதல் இன்னும் தொடங்கவில்லை, பரீட்சைக்கு நாள் இருக்கிறது. இத்தனையும் ஒன்றுசேர்வது ஜனவரி 21 முதல் பிப்ரவரி 10 வரை உள்ள மூன்று வாரங்கள். புத்தாண்டுக் கூட்டமும் பொங்கல் விடுமுறைக் கூட்டமும் கலைந்த நேரம். வரத்து நன்றாக இருந்து கிராக்கி குறைந்த நாளில் கொள்முதல் செய் என்பது நம் தொழிலின் முதல் பாடம். தீவுப் பயணத்தில் அந்த நாள் இதுதான். தைப்பூசம், தை அமாவாசை எந்தத் தேதியில் வருகின்றன என்று மட்டும் பார்த்துக்கொண்டு நாள் குறிக்கவும்.

எல்லாருக்கும் இந்த மூன்று வாரம் பொருந்தாது. ஓசூர் ரோஜா வியாபாரிகளுக்குப் பிப்ரவரி 14 காதலர் தினத்துக்கான ஏற்றுமதிதான் ஆண்டின் பெரிய வரவு. அவர்கள் பிப்ரவரி 21 முதல் மார்ச் 10 வரை வைத்துக்கொள்ளலாம். கடல் அப்போதும் நன்றாகவே இருக்கும். புளி வியாபாரிகளுக்குப் பிப்ரவரியிலேயே வரத்து தொடங்கிவிடும் என்பதால் ஜனவரி கடைசி வாரத்திலேயே போய்வந்துவிட வேண்டும். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த வருஷம் பயணத்தைத் தள்ளி வைப்பதே சரி.

ஆடி மாதத்துக்கு ஒரு வழி

மாங்காய் வியாபாரிகள் என்ன செய்வது? அவர்களுக்கு ஏப்ரலிலிருந்து ஜூலை வரை மூச்சு விட நேரமில்லை. ஓய்வு கிடைப்பதே ஆடி பாதிக்கு மேல்தான். கல்யாணம், விசேஷம் இல்லாததால் மளிகை, பாத்திரக் கடைகளும் அப்போது கொஞ்சம் மந்தம். அரபிக்கடலும் அந்தமானும் அந்த நேரத்தில் ஆகாது. ஆனால் கிழக்கே ஒரு கதவு திறந்திருக்கிறது.

தென்மேற்குப் பருவக்காற்றின் மழை இலங்கையின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிடும். நடுவில் உள்ள மலைகள் தடுப்பதால் கிழக்குப் பக்கம் வறண்டிருக்கும். அதனால் மே முதல் செப்டம்பர் வரை திருகோணமலைக் கடற்கரைக்கு நல்ல சீசன். நிலாவெளிக் கடற்கரை, புறாத் தீவு, கோணேஸ்வரர் கோயில் எல்லாம் அங்கே ஒருசேர இருக்கின்றன. யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசாமி கோயிலின் 25 நாள் திருவிழாவும் ஆடி, ஆவணியை ஒட்டியே வருகிறது.

தனியார் உல்லாசக் கப்பலான 'எம்ப்ரெஸ்' செய்ததைப் பாருங்கள். மற்ற மாதங்களில் மும்பையிலிருந்து கோவா, லட்சத்தீவு என்று ஓடும் கப்பல், 2022 ஜூனில் சென்னைக்கு வந்து ஓடத் தொடங்கியது. 2023 ஜூன் 5ஆம் தேதி சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் கிளம்பியது. மேற்கே கடல் கொந்தளிக்கும்போது கிழக்கே கடையை மாற்றிக்கொண்டது. இந்தப் பயணத்துக்குப் பாஸ்போர்ட் தேவை. விசா விதியைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளவும்.

புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை

1. கப்பல் ரத்தானால் பணம் முழுதும் திரும்பக் கிடைக்குமா, எத்தனை நாளில் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

2. திரும்பும் நாளுக்கும் முக்கியமான வேலைக்கும் நடுவே இரண்டு நாள் விட்டு வையுங்கள். பேங்க் தவணை, செக் தேதி எதையும் திரும்பும் நாளன்று வைக்க வேண்டாம்.

3. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து வானிலை அறிக்கை பாருங்கள். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்றோ, துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறது என்றோ செய்தி வந்தால், பணம் போனாலும் பரவாயில்லை என்று நின்றுவிடுங்கள்.

4. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்து அறை கேளுங்கள். ஆட்டம் குறைவாகத் தெரியும். தலைசுற்றலுக்கான மாத்திரையை டாக்டரிடம் முன்பே வாங்கி வையுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டியில் வேண்டாம்.

5. பவளம், சங்கு என்று கரையில் கிடப்பதை எடுத்து வராதீர்கள். பவளப்பாறையை எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

6. கடையை முழுதாக அடைப்பதா, ஆளை வைத்து நடத்துவதா என்று முன்பே முடிவு செய்து, வாடிக்கையாளருக்கும் சரக்கு அனுப்புகிறவர்களுக்கும் பத்து நாள் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு அடைத்தால் வாடிக்கை போகாது. சொல்லாமல் அடைத்தால்தான் போகும்.

கடைசியாக ஒன்று. நம்மில் பலர் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிடுகிறோம். நம்மோடு சேர்ந்து மூட்டை எண்ணி, கணக்கு எழுதி, கடைப் பையன்களுக்குச் சமைத்துப் போட்ட நம் வீட்டுப் பெண்கள் பலர் கடலையே ஒரு முறையோ இரண்டு முறையோதான் பார்த்திருப்பார்கள். படகில் காலெடுத்து வைக்க முழங்கால் இடம் கொடுக்கும் காலத்தில்தான் தீவுக்குப் போக முடியும். அந்தச் சீசன் போனால் மறு வருஷம் திரும்பி வராது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது களத்துக்கு மட்டுமா? கடலுக்குக் காற்று அடங்கியிருக்கும்போதே போய்விட்டு வாருங்கள். வருகிற தீபாவளி வியாபாரம் முடிந்ததும், புதுக் காலண்டர் வந்த அன்றே, தை மாதத்தில் ஐந்து நாட்களைச் சுற்றி மையால் ஒரு வட்டம் போட்டு வையுங்கள்.